பத்துப் பாட்டு, ஒரே நாள்: பீட்டில்ஸின் முதல் எல்பி

பீட்டில்ஸ் என்ற நாலு பேர் கொண்ட ஆங்கில ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஒரே நாளில் பதிவானது என்கிறார்களே, அது நிஜமா, அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தத் தட்டில் இன்று உட்கார்ந்து கேட்க அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைச் சரியாக அவிழ்த்தால் இரண்டாவதுக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முக்கால்வாசி நிஜம். தட்டில் 14 பாட்டு. அதில் 10 பாட்டை 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, லண்டன் ஆபி ரோடில் இருந்த, ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில், இரண்டாம் கூடத்தில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்தே முக்காலுக்குள் பதிவு செய்து முடித்தார்கள். மீதி நாலும் அதற்கு முன்பே இரண்டு சிங்கிள்களாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) வெளிவந்துவிட்ட பாட்டுகள். ஆக, “ஒரே நாளில் ஆல்பம்” என்பது சொல்வதற்குச் சுவையாக இருக்கிறதே தவிர, கணக்கு அதுவல்ல. இன்னொன்று, அந்த வேகம் அன்றைக்குப் பெரிய அதிசயமும் இல்லை. மூன்று மணி நேர அமர்வு ஒன்றில் மூன்று நாலு பாட்டு முடிப்பதுதான் அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கம். ஒரே பாட்டை வாரக்கணக்கில் செதுக்கும் பழக்கம் பின்னால் வந்தது. அதைக் கொண்டுவந்ததிலும் இதே நாலு பேருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது வேறு கதை.

முதலில் அந்தப் பழைய நாலு பாட்டு.

1962 ஜூன் 6 அன்று பீட்டில்ஸ் முதல் தடவையாக ஆபி ரோடுக்குள் வந்தபோது டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். ஆகஸ்டில் அவரை அனுப்பிவிட்டு ரிங்கோ ஸ்டாரை எடுத்தார்கள். செப்டம்பர் 4 அன்று ரிங்கோவை வைத்து ‘லவ் மீ டூ’ பதிவானது. டிரம்ஸ் திருப்தியாக இல்லை என்று ஸ்டூடியோ தரப்பு நினைத்ததால், ஒரு வாரம் கழித்து, 11ஆம் தேதி, ஆண்டி ஒயிட் என்ற தொழில்முறை டிரம்மரைக் கூப்பிட்டு மறுபடியும் பதிவு செய்தார்கள். பாவம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரிங்கோ கையில் டாம்பரின் என்ற சலங்கை வளையத்தைக் கொடுத்து ஓரமாக நிற்கவைத்துவிட்டார்கள். முதலில் வந்த சிங்கிளில் ரிங்கோ வாசித்தது. ஆல்பத்தில் இருப்பது ஆண்டி ஒயிட் வாசித்தது. பிரித்தறிவது சுலபம். டாம்பரின் சத்தம் கேட்டால் அது ஆல்பம் வடிவம்.

அதே பாட்டில் இன்னொரு விஷயம். பாட்டின் தலைப்பு வரியைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தவர் ஜான் லெனன். மவுத் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். வரி முடிகிற இடத்திலேயே மவுத் ஆர்கன் தொடங்கவேண்டும். ஒரே வாயால் இரண்டும் நடக்காது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்த வரியை அங்கேயே பால் மெக்கார்ட்னியிடம் தள்ளிவிட்டார். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் தலையில் விழுந்த அந்தப் பொறுப்பில் தன் குரல் நடுங்கியதாகப் பால் பல வருடம் கழித்தும் சொல்லியிருக்கிறார். வாத்தியங்கள் சட்டென்று நின்று பால் மட்டும் தனியாக நிற்கும் அந்த ஒரு நொடியைக் கவனித்துக் கேளுங்கள்.

‘லவ் மீ டூ’ 17ஆம் இடம் வரை போனது. சுமாரான ஆரம்பம். அடுத்த சிங்கிள்தான் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’. லெனன் அதை அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாணியில், இழுத்து இழுத்துப் பாடுகிற மெதுவான பாட்டாக எழுதியிருந்தார். வேகத்தைக் கூட்டச் சொன்னவர் மார்ட்டின். நவம்பர் 26 அன்று அந்த வேகத்தில் பதிவாகி, 1963 ஜனவரி 11இல் வெளிவந்து, அன்றிருந்த பல தரவரிசைப் பட்டியல்களில் முதலிடத்தைத் தொட்டது. சிங்கிள் ஓடுகிற சூட்டோடு சூடாக ஒரு எல்பி, அதாவது முழு ஆல்பத்துக்கான பெரிய தட்டு, வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. தோசைக்கல் காய்ந்திருக்கும்போதே ஊற்றிவிடுவது.

மார்ட்டினின் முதல் யோசனை, லிவர்பூலில் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் கேவர்ன் கிளப்புக்கே போய், கூட்டத்தோடு சேர்த்துப் பதிவு செய்வது. நேரில் போய்ப் பார்த்தார். பழ மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய பாதாள அறை அது. செங்கல் வளைவுகள், கூட்டத்தின் மூச்சுக்காற்றே நீராகி வழிகிற சுவர்கள். ஒலிப்பதிவுக்கு ஒத்துவராது என்று திரும்பிவந்தவர் அடுத்த நல்ல வழியைப் பிடித்தார்: கேவர்னில் வாசிப்பதை அப்படியே ஸ்டூடியோவுக்குள் வந்து வாசியுங்கள். இந்த ஆல்பத்தின் குணம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சமயத்தில் அவர்கள் ஹெலன் ஷபிரோ என்ற பதினாறு வயதுப் பாடகியின் சுற்றுப்பயணத்தில் துணைக் குழுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து அதுவரை அதிகம் காணாத பனிக்காலம் அது. ஊர் ஊராக வேனில் குலுங்கிப் போய் வாசிப்பு. இடையில் கிடைத்த ஒரு நாளைத்தான் இந்த எல்பிக்கு ஒதுக்கினார்கள். லெனனுக்குக் கடுமையான ஜலதோஷம். அவருக்கும் ரிங்கோவுக்கும் வயது 22, பாலுக்கு 20. ஜார்ஜ் ஹாரிசனுக்கு 20 பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஓர் அமர்வுக்கு ஆளுக்கு ஏழு பவுன் பத்து ஷில்லிங். முதலில் இரண்டு அமர்வுதான் பேச்சு. ராத்திரிக்கு மூன்றாவதைச் சேர்த்தார்கள்.

கருவி என்று பார்த்தால் இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட டேப் எந்திரம். ஒரு டிராக்கில் குரல், இன்னொன்றில் எல்லா வாத்தியமும். நாலு பேரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே நேரத்தில் பாடி வாசிக்கவேண்டும். யாராவது சறுக்கினால் நாலு பேரும் முதலிலிருந்து. எதையாவது பிறகு சேர்க்கவேண்டுமென்றால், பதிவான டேப்பை ஓடவிட்டு, அதோடு சேர்த்து வாசித்து, இரண்டையும் இன்னொரு டேப்பில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு படி இரைச்சல் கூடும். அதனால் அதைக் கஞ்சத்தனமாகவே செய்தார்கள்.

ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித். மைக்குகளை ஆம்ப்ளிஃபயருக்கு வெகு அருகில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்து, கூடத்தின் காற்றையும் சேர்த்துப் பிடிப்பது அவர் கைவழக்கம். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசிந்தால் கசியட்டும் என்று விட்டுவிட்டார். ஸ்டூடியோப் பாடப்புத்தகப்படி அது தப்பு. மேடைக் கச்சேரி மாதிரி கேட்கவேண்டுமானால் அதுதான் சரி.

மதியம் ஒரு மணிக்கு முதல் அமர்வு முடிந்ததும் ஸ்டூடியோ ஆட்கள் பக்கத்து பப்புக்குச் சாப்பிடப் போனார்கள். பையன்கள் வரவில்லை. பாலைக் குடித்துக்கொண்டு அங்கேயே ஒத்திகை பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். திரும்பிவந்து பார்த்தால் நிஜமாகவே வாசித்துக்கொண்டிருந்தார்களாம். சாப்பாட்டு நேரத்திலும் வேலை செய்கிற குழுவை அந்த ஸ்டூடியோ அதற்குமுன் பார்த்ததில்லை. பியானோ மேல் இருமல் மிட்டாய் ஜாடி ஒன்று. அதன் பக்கத்திலேயே சிகரெட். தொண்டையை ஒரு கையால் தடவி மறு கையால் கெடுப்பது!

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்றைய டேக் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாட்டையும் எத்தனை தடவை வாசித்துப் பதிவு செய்து பார்த்தார்கள் என்பது, ஸ்டூடியோப் பதிவேடுகளில் இருக்கிறது. பாதியில் நின்றவை, மேலேற்றிய சேர்க்கைகள் எல்லாம் சேர்த்து, காலையில் ஆரம்பித்த ‘தேர்ஸ் எ பிளேஸ்’ 13 டேக். அடுத்தது ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’, 12. மதியம் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ 7, ‘டு யூ வாண்ட் டு நோ எ சீக்ரெட்’ 8, ‘மிசரி’ 11. ராத்திரி முதலில் எடுத்த ‘ஹோல்ட் மீ டைட்’ 13 டேக் தின்றுவிட்டு, சரிவராமல், ஆல்பத்திலேயே சேராமல் போனது. இரண்டாவது ஆல்பத்துக்கு அதை மறுபடியும் பதிவு செய்தார்கள். அதன் பிறகு பாருங்கள்: ‘அன்னா’ 3, ‘பாய்ஸ்’ ஒரே டேக், ‘செயின்ஸ்’ 4 எடுத்ததில் முதல் டேக்கே போதும் என்றாகிவிட்டது, ‘பேபி இட்ஸ் யூ’ 3, ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ 2.

பன்னிரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிற நாலு பேர், தொண்டை போன நிலையில், பகலைவிட ராத்திரியில் வேகமாக முடிக்கிறார்கள். எப்படி? ராத்திரி எடுத்த இந்த ஐந்தும் அமெரிக்கப் பாடகர்கள், குழுக்களின் பாட்டுகள். ஜெர்மனியின் ஹாம்பர்கிலும் கேவர்னிலும் மேடையில் அடித்துத் துவைத்து எடுத்தவை. ஹாம்பர்கின் சிவப்பு விளக்குப் பகுதிக் கிளப்புகளில் 1960இலிருந்து ராத்திரிக்கு நாலரை மணி, ஆறு மணி நேரம் நின்று வாசித்தவர்கள் இவர்கள். கேவர்னில் மட்டும் மொத்தம் ஏறத்தாழ 300 தடவை. அந்தப் பாட்டுகளுக்கு ஸ்டூடியோவில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. பகலில் டேக் தின்றவை பெரும்பாலும் சொந்தப் பாட்டுகள்; அவற்றில் சிலவற்றை மேடையில் வாசித்திருந்தாலும், தட்டில் எப்படி நிற்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரே தட்டுக்குள் இரண்டு பீட்டில்ஸ் இருக்கிறார்கள். ஒன்று மேடையில் தயாரானது, இன்னொன்று அன்று ஸ்டூடியோவில் தயாராகிக்கொண்டிருந்தது. “ஒரே நாள்” என்கிறவர்கள் அந்த நாளை மட்டும் எண்ணுகிறார்கள். நான் ஹாம்பர்க் ராத்திரிகளையும் சேர்த்து எண்ணுவேன்.

‘பாய்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை. ஷிரெல்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பையன்களைப் பற்றிப் பாடிய பாட்டு அது. ரிங்கோ டிரம்ஸ் அடித்துக்கொண்டே அதைப் பாடுகிறார், பின்னால் மற்ற மூவரும் கோரஸ். ஆண்கள் பாடினால் அர்த்தம் விபரீதமாகுமே என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பாட்டு பிடித்திருந்தது, பாடினார்கள். ‘பேபி இட்ஸ் யூ’வும் ஷிரெல்ஸ் பாட்டுதான். ரிங்கோவின் குரலுக்கு அழகெல்லாம் கிடையாது. ஆனால் ஒரே டேக்கில், கையும் காலும் வாயும் ஒன்றாக ஓடுகிற அந்த இரண்டு நிமிடம் எனக்கு இந்த ஆல்பத்தின் மிகச் சந்தோஷமான இரண்டு நிமிடம்.

கடைசிப் பாட்டு ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. மணி பத்தைத் தாண்டியிருந்தது. அது தொண்டையைக் கிழிக்கும் என்று மார்ட்டினுக்குத் தெரியும். அதனால்தான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். லெனன் இரண்டு இருமல் மிட்டாயைச் சப்பி, பாலைக் கொப்பளித்து, சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். முதல் டேக்தான் தட்டில் இருப்பது. இரண்டாவதுக்கும் முயன்றார்கள், குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1962இல் பாடிய வடிவத்தை வைத்துக்கொண்டுதான் பீட்டில்ஸ் பாடினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஐஸ்லி சகோதரர்கள் ஆடுவதற்கு அழைக்கிறார்கள். லெனனுக்கு அது அன்றைய கடைசிச் சுமை, இறக்கிவைத்தால் போதும். குரல் உடைகிற ஒவ்வோர் இடத்திலும் உண்மையில் ஏதோ உடைகிறது. பிற்காலத்தில் லெனனுக்கே அந்தப் பதிவில் தன் குரல் குறித்துக் கூச்சம் இருந்தது. எனக்குத் தெரிந்து ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, இதைப் போட்டுக் காட்டினால் போதும். மறுநாளே ஷெஃபீல்டிலும் ஓல்டமிலும் அவர்களுக்கு நிகழ்ச்சி இருந்தது. போய் வாசித்தார்கள்.

நாலு பேரும் கிளம்பிப் போனபின் மார்ட்டின் செய்த வேலை கொஞ்சம்தான், ஆனால் கைதேர்ந்த வேலை. பிப்ரவரி 20 அன்று அவர்கள் இல்லாமலேயே ‘மிசரி’யில் பியானோவும் ‘பேபி இட்ஸ் யூ’வில் செலஸ்டா என்கிற மணியொலிக் கருவியும் தானே வாசித்துச் சேர்த்தார். பியானோவில் ஒரு தந்திரம்: டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிதானமாக, கீழ் ஸ்தாயியில் வாசிப்பது. முழு வேகத்தில் போட்டால் அது துள்ளலாக, ஒரு ஸ்தாயி மேலே, சலங்கை மாதிரி கேட்கும். இதே தந்திரத்தை அவர் பின்னாலும் பயன்படுத்தினார்.

ஆல்பம் தொடங்குவதும் ஒரு ஒட்டு வேலையோடுதான். ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ முதல் டேக்கே நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் ஒன்பதாவது டேக்குக்கு முன்னால் பால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிய எண்ணிக்கையில், அந்த “நாலு” வெடித்து விழுந்தது. அந்த எண்ணிக்கையை மட்டும் வெட்டியெடுத்து முதல் டேக்கின் தலையில் ஒட்டினார்கள். பொதுவாக ஸ்டூடியோக்காரர்கள் குப்பையில் போடுகிற சத்தம் அது. அதை வைத்து ஆல்பத்தையே திறந்ததால் கிளப் கதவு நம் முகத்துக்கு நேராகத் திறக்கிற உணர்வு வருகிறது. அந்தப் பாட்டின் பேஸ் கிடார் நடையை அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரியின் பாட்டு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்ததாகப் பால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். நல்ல சமையல்காரர் அடுத்த வீட்டுக் கறிவேப்பிலையைக் கிள்ளித்தான் வருவார்.

அட்டைப் படம் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருந்த ஈ.எம்.ஐ. தலைமையகத்தின் மாடிப்படி. நாலு பேர் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துச் சிரிக்க, ஆங்கஸ் மெக்பீன் தரையிலிருந்து எடுத்தது. மார்ட்டினின் முதல் ஆசை லண்டன் மிருகக்காட்சிசாலையின் பூச்சி வீட்டில் படம் எடுப்பது. குழுவின் பெயரோடு விளையாட்டாக. மிருகக்காட்சிசாலை மறுத்துவிட்டது. நல்லவேளை. 1969இல் அதே மெக்பீன் அதே படிக்கட்டில் அதே வரிசையில் அவர்களை நிறுத்தி மறுபடி எடுத்தார். முடியும் தாடியுமாக, ஆறே வருடத்தில் வேறு ஆட்கள்.

1963 மார்ச் 22 அன்று ஈ.எம்.ஐ.யின் பார்லஃபோன் முத்திரையில் மோனோ, அதாவது எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும் தட்டு வெளியானது. சத்தத்தை இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஸ்டீரியோ ஒரு மாதம் கழித்து. மே மாதம் முதலிடத்துக்கு வந்து 30 வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதை இறக்கியது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம்தான். இந்தத் தட்டுக்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது கிளிஃப் ரிச்சர்டின் சினிமாப் பாட்டுத் தட்டு என்று சொன்னால் அன்றைய பிரிட்டிஷ் சந்தை எப்படி இருந்தது என்று புரியும். எல்பி வாங்குகிறவர்கள் பெரியவர்கள், சிங்கிள் வாங்குகிறவர்கள் பிள்ளைகள் என்றிருந்த கணக்கு இந்தத் தட்டோடு ஆட்டம் கண்டது. 14இல் 8 பாட்டு சொந்தமாக எழுதியவை என்பதும் அன்றைக்குப் பெரிய விஷயம். ஓராண்டு கழித்து வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் முதல் ஆல்பத்தில் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில் இருந்தது ஒன்றே ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தட்டில் பெயர்கள் மெக்கார்ட்னி, லெனன் என்ற வரிசையில் இருக்கும். உலகம் அறிந்த லெனன், மெக்கார்ட்னி வரிசை அதே வருடம் பிற்பாதியில்தான் நிலைத்தது.

எல்லாப் பாட்டும் தங்கம் என்று சொல்லமாட்டேன். ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ எனக்குத் தாண்டிப்போகிற பாட்டு. பால் ஹோட்டல் பாடகர் வேடம் போட்டுப் பார்க்கிறார். ‘ஆஸ்க் மீ ஒய்’ முட்டிமோதி நிற்கிறது. ‘செயின்ஸ்’ சும்மா நிரப்பியது. ‘தேர்ஸ் எ பிளேஸ்’ பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் இந்தத் தட்டின் ஒளிந்திருக்கும் முத்து. மனசு சரியில்லாதபோது ஓடி ஒளிய ஓர் இடம் உண்டு, அது என் தலைக்குள்ளேயே இருக்கிறது என்று பாடுகிறார் 22 வயது லெனன். பின்னால் வரப்போகிற உள்முகமான லெனனின் முதல் தும்மல் அது, ஜலதோஷத்தோடு சேர்த்து.

எந்தப் பதிப்பைக் கேட்பது? மோனோ. 2009இல் வந்த மோனோ தொகுப்பில் கிடைக்கும். குரலும் வாத்தியமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒரே திசையிலிருந்து வரும்போதுதான் இந்தக் குழு குழுவாகக் கேட்கிறது. இணையச் செயலிகளில் பெரும்பாலும் மாட்டுவது ஸ்டீரியோ. அது அந்த இரண்டு டிராக்கையும் அப்படியே இரண்டு காதுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு தடவை ராத்திரி பஸ்ஸில் ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனில் இதைக் கேட்டேன். முதல் பாட்டு முழுக்க வெறும் வாத்தியம். பாட்டு இல்லாத பதிப்பை இறக்கிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகுதான், தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி பாலின் குரல் கேட்டது. கூடத்தின் காற்றில் பரவி வாத்திய மைக்கில் கசிந்த குரல். அந்தப் பயணம் முழுக்க அப்படியே கேட்டுக்கொண்டு வந்தேன். ரிங்கோவும் பாலும் எவ்வளவு நெருக்கமாகப் பூட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பேஸ் கிடார் கற்றுக்கொள்கிறவர்கள் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்டீரியோவில் இன்னொன்றும் உண்டு. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டுக்கு அதில் வேறு டேக்கை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் லெனன் வரியை மாற்றிப் பாடிவிட்டு, அடுத்த வரியில் சிரிப்பை அடக்க முடியாமல் அடக்குகிறார். மோனோவில் அந்தச் சிரிப்பு கிடையாது. அதற்காக மட்டும் ஸ்டீரியோவையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.